என் ஸ்டிக்கர் ஒட்டிய குழாய்

என் பெயர், தந்தை பெயர், விலாசம் மேலே கண்டபடி. வயது இருபத்தாறு. திருமணமாகவில்லை. ஆய்வகப் படிப்பு முடித்துவிட்டு, காய்ச்சல் பரிசோதனை மையத்தில் ஒப்பந்த அடிப்படையில் மாதிரி எடுக்கும் வேலை பார்த்து வந்தேன். இப்போது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன். என்னை யாரும் இங்கே அழைத்து வரவில்லை. நானாகவே நடந்து வந்தேன்.

மேற்கண்ட வீட்டில் நானும் என் தந்தையும் கீழ்த்தளத்தில் குடியிருந்து வந்தோம். அம்மா நானும் என் தங்கையும் சிறுமிகளாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அப்பா லாரி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனதால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளப் போவார். அந்த மையத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் மாமியார் வீடு. கிளம்பும்போது சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வார். "மாமியார் வீட்டுக்குப் போறவன் கசங்கின சட்டையிலயா போவான்?" என்பார். என் ஒரே தங்கை சாக்ஸ் கம்பெனியில் விரல் பக்கம் தைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். தொற்று பரவிய பிறகு கம்பெனியில் வெளிக்கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பவர்கள் உள்ளேயே விடுதியில் தங்கி வேலை செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகு தங்கை வீட்டுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்படிப் போகும்போது அவளுடன் கூடவே வந்து நிற்கும் ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். தங்கைக்குப் பக்கத்து மெஷின், பக்கத்துக் கட்டில். எந்நேரமும் பேசிக்கொண்டிருப்பார் என்பதால் விடுதியில் எல்லோரும் அவரை ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். என் வேலை இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து என்னைக் குச்சிக்காரி என்பார். "ஏ குச்சிக்காரி, உன் தங்கச்சி மூக்குல ஒரு தடவை விட்டுப் பாரு. மூளை இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார். இதற்கு மேல் அவருக்கும் எனக்கும் பழக்கம் இல்லை.

என் வேலை பற்றிக் கேட்டதற்குச் சொல்வது என்னவென்றால், யாருக்குப் பரிசோதனை செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. மையத்தின் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் விதிகள் ஒட்டியிருக்கும். வரும்போதே காய்ச்சலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து இருப்பவருக்கு எடுக்கலாம். தொற்று உறுதியானவரோடு பழகியவர்களுக்கும் எடுக்கலாம், ஆனால் ஐந்தாம் நாள்தான் எடுக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் சரியாகத் தெரியாது. தொற்று உறுதியான ஒருவர் விடுதி, தொழிற்சாலை போன்ற இடத்தில் இருந்தாலோ அங்கே போய்வந்திருந்தாலோ அந்த இடத்தில் உள்ள அனைவருக்கும் உடனே எடுக்க வேண்டும். இறந்தவருக்கு எடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி பற்றி ஒருமுறை எங்கள் டாக்டரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் அல்ல. கவச உடையைக் கழற்றிவிட்டு வியர்வை வழிய உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "செத்தவங்களுக்கு எடுத்து என்னம்மா பண்றது, மருந்தா குடுக்கப் போறோம்? உயிரோட இருக்கறவங்களுக்கே கிட் பத்தல" என்றார். அதன் பிறகு அவராகவே, "மேல கேக்கறது ரெண்டே நம்பர்தான். எத்தனை பேருக்கு வந்துச்சு, அதுல எத்தனை பேர் போனாங்க. நம்ம பகுதியில இறப்பு விகிதம் ரொம்பக் கம்மின்னு போன மீட்டிங்ல கை தட்டினாங்க. எனக்கும் சேர்த்துதான் தட்டினாங்க. நான் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

சம்பவ தினம் காலையில் ஊழியர்களுக்கான வாராந்திரப் பரிசோதனை நடந்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் மாதிரி எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் பெயருக்கும் இரண்டு ஸ்டிக்கர் அச்சாகி வரும். ஒன்றைக் குழாயில் ஒட்டிவிட்டு, கிழிந்தால் மாற்றுவதற்காக இன்னொன்றை வைத்திருப்போம். என் குழாயும் மற்றவர்களுடையதோடு ஸ்டாண்டில் இருந்தது.

மதியம் சாக்ஸ் கம்பெனி வேன் வளாகத்துக்குள் வந்து நின்றது. வார்டன் இறங்கி வந்து ஆஸ்துமா கேஸ் என்றார். டாக்டர் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, விரலில் மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து "காய்ச்சலும் இருக்கு, இழுப்பும் இருக்கு, எடு" என்றார். நான் கிட்டை எடுத்துக்கொண்டு போனேன். வேனில் நீளமான இருக்கையில் ரேடியோ அக்கா படுத்திருந்தார். அவர் தலை என் தங்கையின் மடியில் இருந்தது. தங்கை வருவாள் என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைப் பார்த்ததும், "அக்கா, இவங்க காலைலேர்ந்து பேசவே இல்லக்கா" என்றாள். நான் குச்சியின் உறையைக் கிழித்தேன். குச்சியைக் கையில் எடுப்பதற்குள் அவருடைய மூச்சு நின்றுவிட்டது. டாக்டர் ஏறி நெஞ்சை அழுத்திப் பார்த்தார். பிறகு டார்ச்சால் கண்ணைப் பார்த்தார். அதன் பிறகு இறங்கி, என்னிடம், "குச்சியை உள்ள வை. இனிமே இது நம்ம கேஸ் இல்ல" என்றார்.

நான் டாக்டரிடம், என் தங்கை அதே அறையில்தான் இருக்கிறாள், அவளுக்காவது எடுக்கலாமா என்று கேட்டேன். தங்கை இருமிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கிறது, இரவும் காலையும் வார்டன் மாத்திரை கொடுக்கிறார் என்று சொன்னாள். டாக்டர் அவள் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார். மாத்திரை போட்டிருந்ததால் காய்ச்சல் காட்டவில்லை. வார்டன் குறுக்கே வந்து, "எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க டாக்டர். ஃபேன் காத்து ஒத்துக்கல. ஒருத்திக்குன்னு நீங்க எழுதிட்டா மொத்த விடுதியையும் இழுத்து மூடிடுவாங்க, இத்தனை பொண்ணுங்களும் எங்க போகும்?" என்றார். டாக்டர் என்னிடம் மெதுவாக, "யாராவது ஒருத்தருக்கு உறுதியானாத்தான் உள்ள போக முடியும். எனக்குத் தெரியாதாம்மா?" என்றார். அதன் பிறகு இறப்புச் சீட்டு எழுதுவதற்காக அவரும் வார்டனும் உள்ளே போனார்கள். தங்கையையும் வார்டன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். டிரைவர் தூரத்தில் மரத்தடியில் நின்று போனில் முதலாளிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தை மூடித் துணியைக் கட்டச் சொல்லி என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பிரித்த குச்சி என் கையிலேயே இருந்தது. பிரித்துவிட்டால் அதை வேறு யாருக்கும் பயன்படுத்த முடியாது. நான் ரேடியோ அக்காவின் மூக்கில் மாதிரி எடுத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்குக் குச்சி உள்ளே போனதும் தலை பின்னால் போகும், அதனால் இன்னொரு கையால் பின்னந்தலையைப் பிடித்துக்கொள்வோம். பழக்கத்தில் அன்றும் பிடித்துக்கொண்டேன். எல்லோரிடமும் சொல்வதுபோல், "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றும் சொன்னேன். அதன் பிறகு குச்சியைப் புதுக் குழாயில் போட்டு மூடி, முகத்தை மூடித் துணியைக் கட்டிவிட்டு, உள்ளே வந்து, என்னிடம் மீதியிருந்த என் பெயர் ஸ்டிக்கரை அந்தக் குழாயில் ஒட்டி ஸ்டாண்டில் வைத்தேன். காலையில் என்னிடமிருந்து எடுத்த குழாயை மஞ்சள் பையில் போட்டேன். மஞ்சள் பை அன்று மாலையே எரிக்கப்பட்டது.

உன் தங்கையிடமே எடுத்து உன் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கலாமே என்று கேட்டதற்கு, அவள் வார்டன் பிடியில் இருந்தாள் என்பது ஒரு காரணம். அவளாக இருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பாள் என்பது இன்னொரு காரணம். யாராவது தூண்டிச் செய்தாயா என்று கேட்டதற்கு, இல்லை. டாக்டருக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது.

மறுநாள் என் பெயரில் பாசிட்டிவ் என்று முடிவு வந்தது. தொடர்பு விசாரிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனீர்கள் என்றார். விடுதிக்குப் போனேன், தங்கையோடு பேசினேன் என்றேன். அது உண்மை. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றார். அப்பா என்றேன். அவருக்கு வேறு நோய் உண்டா என்றார். சிறுநீரகம், டயாலிசிஸ் என்றேன். எந்த மையம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் விதியை நான் தினமும் எத்தனையோ பேரிடம் ஒப்பித்திருக்கிறேன். ஏன் இப்போதே எடுக்க மாட்டீர்கள் என்று சண்டை போடுபவர்களைப் பொறுமையாகச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். அந்த விதியை அப்பாவின் டயாலிசிஸ் நாட்களோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. தங்கையை நினைத்த அளவுக்கு அப்பாவை அன்று நினைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றே என்னை ஆம்புலன்சில் ஏற்றி, உள்விளையாட்டு அரங்கம் ஒன்றில் அமைத்திருந்த சிகிச்சை மையத்தில் சேர்த்தார்கள். எனக்கு நோய் இல்லை என்று நினைத்துக்கொண்டு நோயாளிகள் நடுவே இருந்தேன். அதனால் முகக்கவசத்தைச் சாப்பிடும் நேரம் தவிர மற்ற எந்நேரமும் கழற்றவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த மீன்கடைக்காரம்மா, "குளத்துல விழுந்தப்புறம் குடை பிடிக்கிற மொத ஆளு நீதான்டி" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விடுதிக்குள் மருத்துவக் குழு போனது. தினமும் ஒரு தளம் என்று எடுத்தார்கள். முதல் தளத்திலேயே பாதிப் பேருக்குத் தொற்று உறுதியானது. தங்கையும் உறுதியாகி, நான் இருந்த அரங்கத்துக்கே வந்து சேர்ந்தாள். இரண்டு பெண்களுக்கு ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்ததால் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அவர்கள் இருவரும் இப்போது உயிரோடு இருக்கிறார்கள். அரங்கத்துக்கு வந்த சுகாதார அதிகாரி ஒருவர், இத்தனை இளம்பெண்களுக்கு உறுதியாகியும் ஒருவரும் இறக்காததால் இந்தப் பகுதியின் இறப்பு விகிதம் இன்னும் குறைந்திருக்கிறது என்று மற்றொருவரிடம் சந்தோஷமாகச் சொன்னதை நான் கேட்டேன். ரேடியோ அக்கா இறந்தது, முதல் பாசிட்டிவ் முடிவு வருவதற்கு முன்னால். அவருடைய சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறது.

அதன் பிறகு அப்பா போன் செய்தார். "மாமியார் வீட்டுல கதவைத் தெறக்க மாட்டேங்குறாங்கம்மா. மருமகனுக்கு மரியாதையே இல்ல" என்றார். பாசிட்டிவ் ஆளோடு ஒரே வீட்டில் இருந்தவர் என்பதால் நெகட்டிவ் சான்று இல்லாமல் உள்ளே விட முடியாது என்று டயாலிசிஸ் மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். சான்று வேண்டுமானால் பரிசோதனை செய்ய வேண்டும். பரிசோதனை ஐந்தாம் நாள். நான் உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் அந்த மையத்துக்குப் பேசிவிட்டு மறுபடி என்னைக் கூப்பிட்டு, "கெஞ்சிப் பாத்துட்டேன்மா. நான் அனுப்பின சுற்றறிக்கையையே எனக்குப் படிச்சுக் காட்டறாங்க" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் உன் தந்தையை உள்ளே விட்டிருப்பார்கள் அல்லவா என்று கேட்டதற்கு, ஆம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, விடுதியில் அப்போது மேல் இரண்டு தளங்கள் பாக்கி இருந்தன. என் பெயரில் வந்த முடிவு பொய் என்று தெரிந்தால் அதை வைத்துத் தொடங்கிய வேலையை நிறுத்திவிடச் சொல்லிக் கம்பெனி கேட்கும் என்று நினைத்தேன். முதல் தளத்தில் உறுதியானவர்களே போதும், நிறுத்த மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. அப்பா ஒரு முறை டயாலிசிஸ் தவறினால் தாங்குவார், முன்பு ஒரு தடவை தாங்கியிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தது ஒரு முறை தவறியதல்ல, இரண்டு முறை.

மறுநாளும் அப்பா பேசினார். குரல் மாறியிருந்தது. கால் வீங்கிச் செருப்பு உள்ளே போகவில்லை என்றார். "எங்கயும் போகப்போறதில்ல, செருப்பு எதுக்கு?" என்றார். தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பதாகவும், மாடி வீட்டு அக்கா கதவருகே சாப்பாடு வைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். அதன் பிறகு, "உனக்கு மூச்சு வாங்குதா? உண்மையச் சொல்லு" என்றார். "இல்லப்பா, எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். "அது போதும்" என்றார். சின்னவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவளிடமும் அதையே கேட்டார்.

கடைசித் தளத்தில் மாதிரி எடுத்து முடித்துவிட்டார்கள் என்று விடுதிப் பெண்களில் ஒருத்தி போனில் சொன்ன அன்று பகலில், டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது மாடி வீட்டு அக்கா கூப்பிட்டார். "உங்கப்பா நாற்காலியிலயே உக்காந்திருக்காரு, படுக்க முடியலங்கறாரு, மூச்சு வாங்குது. நான் உள்ள போகலாமா, கூடாதா, சொல்லு" என்று அழுதார். போங்கள் அக்கா, அவருக்குத் தொற்று ஒன்றும் இல்லை, போங்கள் என்றேன். ஆம்புலன்ஸ் வந்து, தொற்று வீடு என்பதால் டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்குப் போகாமல் தொற்று வார்டுக்குக் கொண்டுபோனார்கள். படிக்கட்டு ஏறுவதற்குள் இறந்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார் என்று மாடி வீட்டு அக்கா சொன்னார். நாங்கள் இருவரும் அரங்கத்துக்குள் இருந்ததால் முகத்தைப் பார்க்கவில்லை. இறந்தவருக்குப் பரிசோதனை கிடையாது. தொற்று உறுதியானவரோடு ஒரே வீட்டில் இருந்து மூச்சுத்திணறி இறந்தவர் என்பதால் அவர் பெருந்தொற்று இறப்புக் கணக்கில் சேர்க்கப்பட்டார்.

அன்று மாலை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, "என்னை விட்டிருக்கலாம்ல. நான் தாங்கியிருப்பேன். அவரு தாங்க மாட்டாருன்னு உனக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்றேன். அதன் பிறகு அவள் தன் கட்டிலை அரங்கத்தின் மறுகோடிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சமைப்பது அவள். தட்டை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகிறாள்.

வெளியே வந்ததும் டாக்டரைப் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர், "என்கிட்ட சொல்லியிருக்கவே கூடாதும்மா. சொன்னப்புறம் காதுல விழாத மாதிரி நான் இருக்க முடியாது" என்றார். புகார் கொடுத்தது அவர்தான். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

உனக்கு அன்று நோய் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது. எனக்குக் காய்ச்சலோ இருமலோ இருக்கவில்லை. ஆனால் என்னிடமிருந்து எடுத்த குழாயை யாரும் சோதிக்கும் முன் நானே எரிக்கப் போட்டுவிட்டேன். என் தந்தைக்கு அது இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை என்றே நம்புகிறேன். அவரை யாரும் சோதிக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதற்கும் இந்த நோயில் மூச்சுத் திணறுவதற்கும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். என் ஸ்டிக்கர் ஒட்டிய குழாயில் இருந்தது ரேடியோ அக்காவின் மாதிரி. அந்த பாசிட்டிவ் அவருடையது. அதை அவர் பேருக்கு மாற்றி, அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும், என் தந்தையை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை நிறுத்தி, "ஒண்ணைச் சேர்த்து ஒண்ணை எடுத்தா மொத்தம் அதேதானேம்மா வரும்?" என்றார். அதேதான் வரும் என்றேன். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டதன் பேரில் இது எழுதப்பட்டது.

எழுதியதை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதில் உள்ளது அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)